பழைய காருக்குப் பெரிய ரிம்: அழகு பார்க்கும் முன் அளவு பார்ப்போம்

பண்டமாரான்: தீபாவளி நெருங்கி, போனஸ் பணம் கைக்கு வரும் நாள்களில் கிள்ளான் வட்டார டயர் கடைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். நாற்பது வயதைத் தொட்ட ஒரு பழைய கார் ஜாக்கியில் உயர்ந்து நிற்கும். பக்கத்தில் பளபளக்கும் நான்கு பெரிய ரிம்கள். அவற்றைச் சுற்றி, விரல் அகலத்தில் பட்டை போட்டதுபோல் மெல்லிய டயர். கார் சொந்தக்காரர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

கடந்த ஆண்டு அந்த வரிசையில் என் பெரியப்பா மகனும் நின்றார். மூன்றாவது வாரம் அதே கார் இழுவை லோரியில் வீடு வந்து சேர்ந்தது. அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைக் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை நம் வாசகர்களுக்காக எழுதுகிறேன். பழைய கார் மீது ஆசை வைத்திருக்கும் தம்பிகள், அண்ணன்கள் ஒரு முறை படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

பெரியப்பாவின் டிஎக்ஸ்

பெரியப்பா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விட்டுப் பண்டமாரானுக்கு வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கைமாறிய ஒரு டொயோட்டா கொரோலா வாங்கினார். கேஇ70 என்ற அந்த வகைக் காரை நம் நாட்டில் எல்லாரும் 'டிஎக்ஸ்' என்பார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்துப் பாட்டி வீட்டுக்கும் எங்களை ஏற்றிச் சென்ற கார் அது. பெரியப்பா காலமான பிறகு கார் அண்ணன் கைக்கு வந்தது.

டிஎக்ஸ் காரை இளைஞர்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அது பின்சக்கரத்தால் ஓடும் கார். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஜப்பானிய மங்கா கதையான 'இனிஷியல் டி' மூலம் உலகப் புகழ் பெற்ற டொயோட்டா ஏஇ86 ஸ்போர்ட்ஸ் காருக்கு இது நெருங்கிய உறவு. அசல் ஏஇ86 இன்று எட்டாத விலை. ஆகவே டிஎக்ஸை அதுபோல் மாற்றிக்கொள்ள நினைப்பவர் பலர். அண்ணனும் அப்படித்தான்.

கார் வந்தபோது அதில் இருந்தது 13 அங்குல ரிம், 155 அகல டயர். அண்ணன் போட்டது 17 அங்குல ரிம், 205/40 டயர். "பாரு தங்கச்சி, அப்பா காடி புதுசா பொறந்த மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டயரில் எழுதியிருப்பது என்ன?

முதலில் அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். 195/50 ஆர்15 என்று இருந்தால், 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் நூற்றுக்கு 50 பங்கு. அதாவது 97.5 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.

டயரின் முழு விட்டம் தெரிய வேண்டுமானால் ரிம் விட்டத்தோடு பக்கச்சுவரை இரண்டு முறை கூட்ட வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. இங்கே 381 + 97.5 + 97.5 = 576 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கு தெரிந்தால் ரிம் மாற்றும் விஷயத்தில் பாதி தெரிந்த மாதிரி. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவர் சிறிதாக வேண்டும். முழு விட்டம் மாறக் கூடாது. இதுதான் அடிப்படை விதி. கீழே உள்ள வரிசையைப் பாருங்கள்:

155/80 ஆர்13: 578 மில்லிமீட்டர் (பழைய டிஎக்ஸ், முதல் புரோட்டோன் சாகா காலத்து அளவு)
175/70 ஆர்13: 575 மில்லிமீட்டர் (சாகா இஸ்வரா)
185/60 ஆர்14: 578 மில்லிமீட்டர் (ஏஇ86, 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5)
195/50 ஆர்15: 576 மில்லிமீட்டர்

ரிம் 13இலிருந்து 15க்கு ஏறினாலும் முழு விட்டம் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இது தற்செயல் அல்ல. ரிம்மை ஓர் அங்குலம் கூட்டி, டயர் அகலத்தைப் பத்து மில்லிமீட்டர் கூட்டி, பக்கச்சுவர் விகிதத்தைப் பத்து குறைத்தால் விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்பது இத்தொழிலில் பழகிய வாய்ப்பாடு.

இப்போது அண்ணன் போட்ட 205/40 ஆர்17ஐக் கணக்கிடுங்கள். பக்கச்சுவர் 82. முழு விட்டம் 596. பழையதைவிட 18 மில்லிமீட்டர் கூடுதல். நூற்றுக்கு மூன்று பங்கு.

மூன்று பங்கு என்ன செய்துவிடும்?

வேகமானி காரின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. கியர்பாக்ஸ் சுற்றுவதை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கார் அதிக தூரம் ஓடும். முள்ளுக்கு அது தெரியாது. முள் 110 என்று காட்டும்போது கார் உண்மையில் 113இல் போகும். நெடுஞ்சாலை வேக வரம்பை ஒட்டியே ஓட்டுபவர்களுக்குச் சம்மன் வீட்டுக்கு வர இதுவே போதும்.

அதோடு 1.3 லிட்டர் சிறிய இஞ்சின் பெரிய சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது. அந்தக் கனமும் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள்; கயிறு நீள நீளக் கை வலிக்கும். சக்கரத்துக்கும் அதே கதிதான். புறப்படும்போது கார் மந்தமாகும், நிறுத்தும்போது பிரேக்குக்கு வேலை கூடும். வேகத்துக்காக ரிம் மாற்றியவர்களின் கார் முன்னைவிட மெதுவாகப் புறப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பக்கச்சுவர் வெறும் ரப்பர் அல்ல

காரைத் தாங்குவது டயர் அல்ல, டயருக்குள் இருக்கும் காற்று. பக்கச்சுவர் அந்தக் காற்றை அடைத்து வைக்கும் பை. குழியில் இறங்கும்போது பக்கச்சுவர் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்கிறது.

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் காரை வடிவமைத்தவர்கள் இந்த வளைவைக் கணக்கில் எடுத்துத்தான் ஸ்பிரிங், அப்சோர்பர், புஷ் எல்லாவற்றையும் அமைத்தார்கள். உயரமான டயர் அந்தக் கார்களுக்கு ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி. அதை 124 மில்லிமீட்டரிலிருந்து 82க்குக் குறைத்தால், டயர் வாங்க வேண்டிய அடியை மற்ற பாகங்கள் வாங்க வேண்டியிருக்கும். நாற்பது வருட புஷ்ஷும், பால் ஜோயிண்டும், பேரிங்கும் அதைத் தாங்காது. டேஷ்போர்டு கடகடக்கத் தொடங்குவது முதல் அறிகுறி.

பெரிய பந்தய உலகத்திலும் இதே கதைதான். ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை 13 அங்குல ரிம்மில்தான் ஓடின. 2022இல் 18 அங்குலத்துக்கு மாறியபோது ரிம்மை மட்டும் மாற்றவில்லை. காரின் சஸ்பென்ஷனையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. காரணம், அதுவரை உயரமான டயர்தான் சஸ்பென்ஷனின் பெரும்பங்கைச் செய்து வந்தது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் நம் டிஎக்ஸுக்கு?

அப்படியானால் மெல்லிய டயரால் பயனே இல்லையா என்று கேட்கலாம். பயன் உண்டு. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் சாயாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே கேட்கும். ரிம் பெரிதானால் உள்ளே பெரிய பிரேக் டிஸ்க் வைக்கலாம். 1970களில் பிரெல்லி நிறுவனம் லான்சியா ஸ்ட்ராடோஸ் ரேலி காருக்காகப் பி7 என்ற அகலமான, குட்டையான ரேடியல் டயரை உருவாக்கியதும், அதைப் போர்ஷே 911 டர்போ எடுத்துக்கொண்டதும் இதற்காகத்தான். ஆனால் அந்த 50 விகித டயரும் 15 அங்குல ரிம்மில்தான் இருந்தது. அன்றைய உச்ச ஸ்போர்ட்ஸ் காருக்குப் போதுமாக இருந்தது 15 என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வாரம்

பண்டமாரானில் இருப்பவர்களுக்குச் சாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்துக்குப் போகும் வரும் கொள்கலன் லோரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தப் பாரத்தில் தார் உருகி அலையாகும், பெயரும். மழை பெய்தால் குழி தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

அண்ணன் அன்று இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். மழை. வேகம் அதிகமில்லை என்கிறார். முன் இடது சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. பழைய டயராக இருந்தால் 'டொக்' என்ற சத்தத்தோடு போயிருக்கும். இந்த முறை குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கியது. ரிம் வளைந்து காற்று இறங்கியது. கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓரக் கல்லில் இடித்து நின்றது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஏதும் வராதது யார் செய்த புண்ணியமோ.

மறுநாள் பார்த்தபோது பின் சக்கரத்திலும் ஒரு பாதிப்பு இருந்தது. டயரின் பக்கத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டால் காற்று வெளியே தள்ளி இப்படி வீங்கும். இதை ஒட்டவோ தைக்கவோ முடியாது. கொப்புளம் கண்ட டயரில் நெடுஞ்சாலைக்குப் போவது தற்கொலைக்குச் சமம். உடனே மாற்ற வேண்டும்.

ரிம், டயர், வளைந்த ஸ்டியரிங் ராட், இழுவை லோரி எல்லாம் சேர்த்து அண்ணனுக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. பெரியம்மா சொன்னது ஒரே வார்த்தை: "அவரு முப்பது வருசம் ஓட்டுன காடிடா."

விட்டம் மட்டும் பார்த்தால் போதாது

அண்ணனின் ரிம்மைக் கழற்றிப் பார்த்த போர்மன் இன்னும் சில தவறுகளைக் காட்டினார். விற்ற கடையில் இவற்றை யாரும் சொல்லவில்லை.

முதலாவது, நட்டு துளைகளின் இடைவெளி. பிசிடி என்பார்கள். நான்கு துளைகள் எந்த வட்டத்தில் இருக்கின்றனவோ அந்த வட்டத்தின் விட்டம் அது. டிஎக்ஸ், ஏஇ86, பழைய சாகா ஆகியவற்றுக்கு 114.3 மில்லிமீட்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றுக்கு 100. இரண்டுக்கும் நான்கு துளைதான், ஆனால் ஒன்றின் ரிம் மற்றதற்குப் பொருந்தாது.

இரண்டாவது, நடுத்துளை. ரிம்மின் நடுத்துளை காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் வளையம் போட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் சரியாக நடுவில் உட்காராமல், வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. அண்ணன் இரண்டு முறை பேலன்சிங்குக்குக் காசு கொடுத்திருந்தார்.

மூன்றாவது, ஆஃப்செட். ரிம்மின் உட்புறம் 'இடி' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை அது காட்டும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். ஒரு கணக்கு: 5 அங்குல அகல ரிம்மை எடுத்துவிட்டு அதே ஆஃப்செட்டில் 7 அங்குலம் போட்டால், உள்பக்கம் 25 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 25 மில்லிமீட்டர் நீளும். உள்ளே அப்சோர்பரில் உரசலாம், வெளியே மட்கார்டில் உரசலாம். ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளினால் உள் உரசல் தீரும். ஆனால் பேரிங் மீது பாரம் கூடும், ஸ்டியரிங் கனக்கும், குழியில் கையை இழுக்கும்.

நான்காவது, நட்டு. டொயோட்டா, ஹோண்டா, மிட்சுபிஷி கார்களின் நட்டு மரையும் நிஸ்ஸான், சுசுகி கார்களின் மரையும் வேறு. முதல் வகை 1.5, இரண்டாவது 1.25. இரண்டுமே 12 மில்லிமீட்டர் போல்ட் என்பதால் தொடக்கத்தில் ஏறுவதுபோல் தெரியும். பிறகு மரையைத் தின்றுவிடும். ரிம் எந்த வடிவ நட்டுக்குச் செய்யப்பட்டதோ, கூம்பா உருண்டையா என்று பார்த்து அதையே போட வேண்டும்.

ஐந்தாவது, பாரக் குறியீடு. டயர் அளவுக்குப் பின்னால் 82வி என்பதுபோல் ஒன்று இருக்கும். 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. காரோடு வந்த டயரின் குறியீட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெல்லிய டயருக்குள் காற்று குறைவு. ஆகவே அழுத்தம் சற்றுக் கூட்ட வேண்டும். பழைய காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் எண் பழைய டயருக்கானது. அதையே அடித்துக்கொண்டிருந்தால் குழியில் ரிம் அடிபடும். அண்ணன் செய்ததும் அதுதான்.

மழையையும் மறக்க வேண்டாம்

அகல டயர் என்றால் மழையிலும் பிடிப்பு அதிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காய்ந்த சாலையில் அது ஓரளவு உண்மை. தேங்கிய தண்ணீரில் நிலைமை தலைகீழ். அகலமான டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். எடை குறைந்த காரில் அகல டயர் போட்டால், தண்ணீரைக் கிழிக்காமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பிரேக்கும் வேலை செய்யாது, ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. மாலை தவறாமல் மழை கொட்டும் நம் ஊருக்கு இது முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரிம் மாற்றுவதே குற்றம் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டயரின் பல் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் சாலைப் போக்குவரத்து இலாகா நடவடிக்கை எடுக்க முடியும். பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனைக்குப் போகும்போதும் இது பிரச்சினையாகலாம். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு, சொல்லவில்லையே என்ற பேச்சு வரக் கூடாது.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பல் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டிப்படும், வெடிக்கும்.

கடைக்குப் போகும் முன்

1. இப்போதுள்ள டயரின் முழு விட்டத்தைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதியது அதிலிருந்து நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைக்கு மேல் விலகாமல் பாருங்கள்.
2. 13 அங்குலக் காருக்கு 14 அல்லது 15 போதும். 50க்குக் கீழே பக்கச்சுவர் விகிதம் போக வேண்டாம்.
3. பிசிடி, நடுத்துளை, ஆஃப்செட், நட்டு, பாரக் குறியீடு ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் காசு கொடுக்காதீர்கள்.
4. முதலில் புஷ், அப்சோர்பர், பால் ஜோயிண்ட் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ரிம் பிறகு.
5. ரிம் போட்டதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின்னால் ஆள்களை உட்கார வைத்து உரசுகிறதா என்று பாருங்கள். அலைன்மெண்ட் செய்யுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.
6. பழைய ரிம்மை விற்றுவிடாதீர்கள். ஆசை தீர்ந்த பிறகு தேவைப்படும்.

நம் ரப்பர்

இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது ஒரு விஷயம் மனதில் தங்கியது. செயற்கை ரப்பர் எவ்வளவோ வந்த பிறகும், டயரின் பக்கச்சுவரில் இயற்கை ரப்பரைச் சேர்க்கிறார்கள். மீண்டும் மீண்டும் வளைந்தாலும் சூடேறாமல், கிழியாமல் தாங்குவதில் பால்மரத்து ரப்பருக்கு இன்னும் தனி இடம் உண்டு. விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நம் பாட்டிகளும் தாத்தாக்களும் சீவிய மரத்தின் பால்தான் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் டயர் தொழிற்சாலைகளை வாழ வைத்தது. 1972இல் தொடங்கிய ஷா ஆலாம் குட்இயர் தொழிற்சாலையும் 2024இல் மூடப்பட்டது. தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன.

பெரியப்பாவும் சிறு வயதில் மரம் சீவியவர்தான். டயரைத் தட்டிப் பார்த்தே காற்று குறைவா என்று சொல்வார். வாரம் ஒரு முறை நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பார். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

இப்போது டிஎக்ஸில் 15 அங்குல ரிம், 195/50 டயர். அகலம் அளவாக, மட்கார்டுக்குள் அடங்கி நிற்கிறது. போன மாதம் பெரியம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனபோது இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. கிளம்பும் முன் அண்ணன் குனிந்து நான்கு டயரையும் தடவிப் பார்த்தார்.